முகூர்த்தப் பட்டு உடுத்திய சீட்டு

தவிட்டுக்குளத்து ஆட்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாதியை நம்பினால் போதும். மிச்சப் பாதியை அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள்.

அந்த ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பிரமநாயகம் ஒரு பந்தல், பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார். மிகவும் இளகிய மனசுக்காரர். வாடகைக்குப் போகும் அண்டாவைக்கூட ஒரு தட்டுத் தட்டித்தான் வழியனுப்புவார். திரும்பி வருகிற பாத்திரங்களைத் தேய்த்து, நசுங்கல் பார்த்து அடுக்குவது அவர் மனைவி பொன்னுத்தாயின் வேலை. பாத்திரங்களை மட்டுமல்ல, பிரமநாயகத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவர் முகத்தை ஒரு நோட்டம் விட்டு, "உங்களுக்குப் பசிக்கி" என்பாள். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பசிக்கும்.

ஊருக்குச் சந்தை நாளில் ஒரு கிளி ஜோசியர் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவருடைய கிளி பறந்துவிட்டது. எந்தத் திசையில் போயிருக்கும் என்று சொல்லக் கிளி இல்லாததால், அவர் எல்லாத் திசையிலும் தேடப் போய்விட்டார். அதோடு தவிட்டுக்குளத்துக்கு எதிர்காலம் நின்றுபோனது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் ஒரு ஊர் எத்தனை நாளைக்குத்தான் இன்றைக்கு நடப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும்?

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் உலகநாதன் சார். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறந்து மூடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் பேன்ட் போட்டிருந்ததால் சார் ஆனவர். திருநெல்வேலியில் ஏதோ பொருட்காட்சிக்குப் போனவர், எதிர்காலம் சொல்லும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றும் அதைப் படிக்கக் கற்றுத்தரும் தமிழ்ப் புத்தகம் ஒன்றும் வாங்கி வந்தார். எல்லாரும் சேர்ந்து படிப்பது என்று முடிவானது. நாற்காலிகள் நிறைய இருந்த காரணத்தால் பிரமநாயகத்தின் கடைக் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு.

முதல் வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தார்கள். பால்காரர் கொம்பையா உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார்.

"கிளி எங்கவே?"

"இதுக்குக் கிளி கிடையாதுவே. இது வெளிநாட்டு முறை" என்றார் சார்.

"அப்ப சீட்டை யாரு எடுப்பா?"

"நாமதான்."

கொம்பையா யோசித்தார். "நம்மள யாரு கூண்டுல இருந்து திறந்துவிடுவா?"

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் விடை இல்லை. ஆகவே அன்றைய வகுப்பு அதோடு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சார் புத்தகத்தின் முதல் விதியை உரக்கப் படித்தார்: "உங்கள் சீட்டுகளை உங்களைத் தவிர வேறு யாரும் தொட அனுமதிக்காதீர்கள்."

மாவு மில் வைத்திருக்கும் மதுரவல்லி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "கட்டு ஒண்ணு. நாம இத்தனை பேரு. ஒருத்தர் தொட்டா மத்தவங்க தொடக் கூடாதுன்னா, படிக்கது எப்படி சார்?"

"பாகம் பிரிச்சிர வேண்டியதுதான்" என்றார் போட்டோக்களுக்குச் சட்டம் போடும் சங்கிலிபூதத்தான். அவர் வீட்டில் அண்ணன் தம்பிகள் கிணற்றையே பாகம் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கமாக வாளி விட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆளுக்குக் கொஞ்சம். அவங்கவங்க சீட்டை அவங்கவங்க படிக்கட்டும். பரீட்சைக்குப் பிள்ளைக சேந்து படிக்கல? ஒருத்தன் முதல் பாடம், இன்னொருத்தன் ரெண்டாம் பாடம்."

எல்லாருக்கும் அது மிக நியாயமாகப் பட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஐந்து பேருக்குச் சீட்டுகள் சரியாகப் பிரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பொன்னுத்தாய் காபித் தம்ளர்களோடு உள்ளே வந்தாள். அவளையும் சேர்த்தால் ஆளுக்குப் பதின்மூன்று என்று கச்சிதமாகப் பிரிந்தது. இப்படித்தான் பொன்னுத்தாய், காபித் தட்டைக் கீழே வைப்பதற்குள் டாரட் மாணவி ஆனாள்.

அதற்குப் பிறகு ஒருவர் சீட்டை இன்னொருவர் விரல் நுனியால்கூடத் தொடவில்லை. இரண்டாவது விதியையும் அதே ஒழுங்கோடு கடைப்பிடித்தார்கள். "சீட்டுகளோடு பழகுங்கள். அவற்றை ஒருபோதும் பிரியாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்து உறங்குங்கள்" என்பது அந்த விதி.

உலகநாதன் சாருக்குத் தலையணை வைத்துப் படுக்கிற வழக்கம் இல்லை. சீட்டுக்காக ஒன்று வாங்கினார். கழுத்து பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு தோளைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார்.

மதுரவல்லி அக்காவின் சீட்டுகள் மில்லிலேயே அவளோடு இருந்ததால் நிறம் மாறின. ராஜா, ராணி எல்லாரும் திருநீறு பூசியதுபோல் வெளுத்துப்போனார்கள். கொம்பையா தன்னுடையதைக் காலிப் பால்கேனில் போட்டு வைத்திருந்தார். ஒரு காலையில் ஞாபகம் இல்லாமல் அதிலேயே பாலையும் கறந்துவிட்டார். சங்கிலிபூதத்தான் மட்டும் முன்யோசனைக்காரர். அழுக்காகக் கூடாது என்று பதின்மூன்றுக்கும் கண்ணாடி போட்டுத் தேக்குச் சட்டம் அடித்துவிட்டார். வகுப்புக்கு அவற்றை ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவருவார்.

பிரமநாயகத்துக்கு வேறு மாதிரிச் சங்கடம். அவர் பங்குக்கு வந்தவற்றில் 'காதலர்கள்' என்று ஒரு சீட்டு. அதில் ஓர் ஆணும் பெண்ணும் நின்றார்கள். அவர்கள் நின்ற இடத்தில் வெயில் நன்றாக அடித்தது, பின்னால் மரங்கள் இருந்தன, மேலே ஒரு தேவதை இருந்தாள். எல்லாம் இருந்தது, உடுப்புதான் இல்லை. பிரமநாயகம் அதைத் திருப்பி வைத்துவிட்டு, சாரின் காதில் விஷயத்தைச் சொன்னார். சார் ஏற்கெனவே அந்தப் பக்கமாகத்தான் திரும்பியிருந்தார் என்பதால் வசதியாக இருந்தது.

"பொம்பிளைகளும் இருக்கிற சபையில இதை எப்படி விரிச்சு வைக்க?" என்றார் பிரமநாயகம்.

சார் புத்தகத்தைப் புரட்டினார். "சீட்டில் இருப்பதை உள்ளது உள்ளபடி பாருங்கள்னு போட்டிருக்கு."

"உள்ளது உள்ளபடி பாக்கப் போய்த்தான சார் இந்தப் பாடு" என்றாள் மதுரவல்லி அக்கா, சுவரைப் பார்த்தபடி.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் துணி உடுத்துவது என்று தீர்மானமானது. பசை சங்கிலிபூதத்தான் தருவார். ஆணுக்குத் துண்டின் ஓரத்தில் இருந்து ஒரு துணுக்கு போதும். பெண்ணுக்கு மதுரவல்லி அக்கா கோதுமைச் சாக்கில் இருந்து ஒரு கிழிசலை எடுத்து நீட்டினாள்.

பிரமநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. பாவம், முதல் முதலாக உடுத்தப் போகிறாள். சாக்குத் துணியா? பொன்னுத்தாய் அன்றைக்கு வகுப்புக்கு வராமல் கொல்லையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்ல எழுந்து வீட்டுக்குள் போனார். பீரோவைத் திறந்தார். பொன்னுத்தாயின் முகூர்த்தப் பட்டை எடுத்தார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை. முன்கொசுவத்தின் உள்மடிப்பில் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, கரையில் இருந்து தீப்பெட்டி அளவுக்கு வெட்டிக்கொண்டார்.

சீட்டில் ஒட்டியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "கல்யாணப் பொண்ணு மாரி இருக்கா" என்று மதுரவல்லி அக்கா கண் கலங்கினாள்.

பொன்னுத்தாய்க்கு இது தெரிய வந்தது, அவள் தங்கை மகளுக்குக் காது குத்துகிற அன்றைக்கு. பட்டை உடுத்திக் கொசுவத்தை மடிக்கும்போது விரல் அந்தப் பக்கமாக வந்துவிட்டது.

"ஐயோ, எலி கடிச்சிருக்கு!"

பிரமநாயகம் பொய் சொல்லி அறியாதவர். பாவம், எலியின் மேல் பழி விழுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "எலி இல்ல தாயி. நான்தான் வெட்டினேன்" என்று நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும், தான் ஒரு நல்ல காரியம் செய்ததாகவே அவருக்குத் தோன்றியது.

பொன்னுத்தாய் பிடித்திருந்த கொசுவத்தை விட்டாள். "அவளுக்கு என் முகூர்த்தப் பட்டா?"

"ஓரத்துலதான். வெளிய தெரியாது."

"எங்க, காட்டுங்க அவளை."

பிரமநாயகம் சீட்டை நீட்டினார். அவள் வாங்கக் கையை நீட்டியதும் சடக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "தொடாத! நீ தொடக் கூடாது. புத்தகத்துல போட்டிருக்கு."

பட்டு கிழிந்ததையாவது பொறுத்திருப்பாள். இதைப் பொறுக்கவில்லை. தலையணைக்கு அடியில் இன்னொருத்தியை வைத்துக்கொண்டு, தன் சேலையையே அவளுக்குக் கட்டிவிட்டு, தன்னைத் தொடாதே என்கிற மனுஷனோடு எப்படி இருப்பது? காதுகுத்து வீட்டில் இருந்து அப்படியே அம்மா ஊரான முள்ளிக்கரைக்குப் போய்விட்டாள். போகும்போது தன் பதின்மூன்று சீட்டுகளையும் மறக்காமல் இடுப்பில் சொருகிக்கொண்டாள். கோபம் வேறு, படிப்பு வேறு.

பிரமநாயகம் தனியாக இருந்தார். அண்டாக்கள் நசுங்கலோடு வந்து நசுங்கலோடு போயின. மத்தியானமானால் அடுப்படி வாசலில் போய் நின்று, தனக்குப் பசிக்கிறதா என்று யோசிப்பார். கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பார். ஒன்றும் புலப்படாது. திரும்பி வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அவர் அழுதேவிட்டார். "அவ வருவாளா மாட்டாளான்னு மட்டும் தெரிஞ்சா போதும் சார்."

"போய்க் கூப்பிட்டுப் பாரேன்வே" என்றார் கொம்பையா.

எல்லாரும் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சார் பொறுமையாக விளக்கினார். "கொம்பையா, வருவாளா மாட்டாளான்னு தெரியாம எப்படிவே போய்க் கூப்பிடுதது? வர மாட்டாள்னு இருந்தா போனது வீண்தான? வருவாள்னு இருந்தா அவளே வந்திருவா. அப்பவும் போனது வீண்தான?"

"அது சரி" என்று கொம்பையா தலையைச் சொறிந்தார். "நான் படிக்காதவன். எனக்கு இதெல்லாம் தோணாது."

சீட்டைக் கேட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தார்கள். சார் புத்தகத்தைத் திறந்தவுடனே மூடிவிட்டார். "முழுக்கட்டும் இருந்தால்தான் பலன் சரியாக இருக்கும்னு போட்டிருக்கு. பொன்னுத்தாயோட சீட்டு அவகிட்ட இருக்கே!"

சங்கிலிபூதத்தான் அதை வாங்கி வரப் புறப்பட்டார். ஒரு மஞ்சள் பையோடு முள்ளிக்கரைக்குப் போனவர், சாயங்காலம் அதே பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"தரமாட்டேன்னுட்டாளா?" என்றார் பிரமநாயகம்.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. மதினி தங்கமா எடுத்து நீட்டினாக. நான்தான் தொடல."

"பாத்தீரா, இதுதான் ஒழுக்கம்" என்று சார் அவர் தோளைத் தட்டினார்.

கடைசியில் மதுரவல்லி அக்கா போன் போட்டாள். கூடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"பொன்னுத்தாயி, நல்லா இருக்கியா? ஒண்ணுமில்ல, நீ வீட்டுக்கு வருவியா மாட்டியான்னு சீட்டுல பாக்கணும். உன் பங்கு இல்லாம பாக்க முடியல. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

மறுமுனையில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அதுவும் சரிதாங்க்கா" என்றாள் பொன்னுத்தாய். "எனக்கும் தெரிஞ்சாகணும்லா? அம்மா வேற தினமும் கேக்கா, எப்ப போவ, எப்ப போவன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதே பட்டைக் கட்டியிருந்தாள். கிழிசல் எல்லார் கண்ணிலும் படட்டும் என்று கொசுவத்தை மாற்றி மடித்து, ஓட்டையை முன்பக்கம் கொண்டுவந்திருந்தாள். பிரமநாயகம் கடை வாசலில் நின்றார்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள், அண்டாக்களைப் பார்த்தபடி.

"தெரியலயே."

அவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

அந்தக் கணமே பிரமநாயகத்துக்கு அப்படி ஒரு பசி எடுத்தது. ஆனால் உள்ளே சபை கூடியிருந்தது. முதலில் சீட்டு.

"நன்றாகக் கலைக்கவும்" என்று சார் படித்தார்.

இங்கேதான் சிக்கல். ஒருவர் சீட்டை இன்னொருவர் தொடாமல் கட்டை எப்படிக் கலைப்பது? சீட்டுகள் ஆட்களைப் பிரியக் கூடாது. ஆகவே ஆட்களைக் கலைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. சீட்டுகளை மடியிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு ஆறு பேரும் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். சங்கிலிபூதத்தான் தள்ளுவண்டியோடு ஓடியதால் மற்றவர்கள் நன்றாகவே கலைந்தார்கள். போதும் என்று யார் சொல்வது என முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. கொம்பையாவுக்கு மூச்சு முட்டிக் கீழே விழுந்தபோது, கட்டு கலைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

பிறகு ஆளுக்கொன்றாகக் கண்ணை மூடித் தங்கள் பங்கில் இருந்து சீட்டு எடுத்தார்கள். எடுத்ததை விரிக்க வேண்டும். சீட்டைத் தனியே தரையில் வைத்தால் ஆளைப் பிரிந்துவிடும். ஆகவே ஜமுக்காளத்தை விரித்து, அவரவர் சீட்டை அவரவர் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவரவரே படுப்பது.

நடுவில் கேள்வி கேட்பவர். பிரமநாயகம் மல்லாந்து படுத்தார். அவர் நெஞ்சில் இருந்தது காதலர்கள், பட்டு உடுத்தியபடி. பொன்னுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இரண்டாம் சீட்டு முதல் சீட்டின் குறுக்கே" என்றார் சார். இரண்டாவதாக எடுத்தவள் பொன்னுத்தாய்.

"நான் மாட்டேன். நாலு பேருக்கு முன்னால!"

"கட்டின புருசன்தானடீ?" என்றாள் மதுரவல்லி அக்கா. "சாருக்குக் குறுக்கயா படுக்கச் சொல்லுதோம்?"

நடுவில் ஒரு நீளப் பெஞ்சைப் போட்டு அதில் பொன்னுத்தாயும் பெஞ்சுக்கு அடியில் பிரமநாயகமுமாக, குறுக்கும் ஆயிற்று மரியாதையும் ஆயிற்று. அடியில் படுத்திருந்த பிரமநாயகத்துக்கு மேலே இருந்து பெஞ்சின் ஓரம் வழியாக அவள் கொசுவம் தொங்குவது தெரிந்தது. ஓட்டை சரியாக அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. அதன் வழியாக விட்டத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் செய்தது சரியில்லையோ என்று அப்போதுதான் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

கொம்பையாவுக்கு வந்தது 'தலைகீழாகத் தொங்குபவன்'. அதை வைத்து ஒரு விவாதம்.

"சீட்டு நேராத்தான் வந்திருக்கு. ஆனா சீட்டுக்குள்ள இருக்கவன் தலைகீழா இருக்கான்" என்றார் சார். "கொம்பையா எப்படிப் படுக்கணும்?"

"கொம்பையா தலைகீழாப் படுத்தா சீட்டு தலைகீழாப் போயிருமே" என்றார் சங்கிலிபூதத்தான். "அப்ப அவன் நேராயிருவான். கொம்பையா மட்டும் தலைகீழ்."

"என்னைய வச்சு ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் கொம்பையா. "எந்தப் பக்கம் தலை வச்சாலும் எனக்கு வெத்தலை போடணும்."

அவர் ஒருக்களித்துப் படுக்கலாம் என்று தீர்ப்பானது. சங்கிலிபூதத்தான் தேக்குச் சட்டத்தை நெஞ்சில் சுமந்தபடி மேற்கே படுத்தார். மதுரவல்லி அக்கா முடிவுச் சீட்டோடு தலைமாட்டில் படுத்தாள். சார் தெற்கே படுத்து, கழுத்து திரும்பியிருந்த பக்கமாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் வெளியூர்க் கல்யாண வீட்டார் இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். கூடத்தில் கிடந்த ஆறு பேரையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"அண்டா... வேணும்" என்றார் ஒருவர் மெதுவாக.

"அசையக் கூடாது" என்று பெஞ்சுக்கு அடியில் இருந்து குரல் வந்தது. "நீங்களே எடுத்துக்கிடுங்க. பெருசு பின்னால இருக்கு."

அவர்கள் பெரியதையும் எடுக்கவில்லை, சிறியதையும் எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்கள்.

சார் பலன் படிக்க ஆரம்பித்தார். பொன்னுத்தாயின் சீட்டில் ஒருவர் கோப்பைகளை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு மலைப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். "வேண்டியவற்றை விட்டு விலகிச் செல்லல்" என்று போட்டிருந்தது.

"பாத்திரத்தை அடுக்கி வச்சிட்டுப் போறா, நம்ம பொன்னுத்தாயேதான்!" என்று மதுரவல்லி அக்கா வியந்தாள். பெஞ்சுக்கு அடியில் ஒரு விசும்பல் கேட்டது.

"இருங்க, முடிவுச் சீட்டு இருக்கு. மதுரவல்லி, என்ன வந்திருக்கு?"

அக்கா மாவை ஊதிவிட்டுப் பார்த்தாள். "தேரு சார்."

சார் பக்கத்தைத் தேடினார். பொன்னுத்தாய் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"புறப்பட்டவர்... நல்லபடியாகத் திரும்புவார்."

கூடமே ஆனந்தத்தில் எழுந்தது. சங்கிலிபூதத்தான் சட்டத்தோடு எழுந்ததால் அவர் மட்டும் மறுபடி படுத்தார். பிரமநாயகம் எழுந்து பெஞ்சில் தலையை இடித்துக்கொண்டார். "திரும்பிருவா! திரும்பிருவா!" பொன்னுத்தாயும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் எத்தனை நாள் கவலை!

கொம்பையா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். "புறப்பட்டவர்தான திரும்பணும்? இவ இங்கதான இருக்கா. புறப்படவே இல்லயே?"

"காலையில முள்ளிக்கரையில இருந்து புறப்பட்டாளே" என்றார் சங்கிலிபூதத்தான் தரையில் இருந்து.

"அப்ப திரும்புறதுன்னா முள்ளிக்கரைக்குல்லா திரும்பணும்?"

சார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிரமநாயகத்தின் முகம் வாடியது. கடைசியில் பொன்னுத்தாயே வழி சொன்னாள். "நான் இங்க இருந்து புறப்பட்டு அங்க போறேன். அப்புறம் திரும்பினா, இங்கதான வந்தாகணும்?"

சபை அசந்துபோனது. "படிப்பு வீண் போகல" என்றார் சார். சாயங்கால பஸ்ஸில் அவள் போவது, போனால்தான் வர முடியும் என்று முடிவானது.

"ஆனா ஒண்ணு" என்றாள் பொன்னுத்தாய். "வரணும்னா என் கரை எனக்கு வேணும்."

பிரமநாயகம் சீட்டில் இருந்த துணியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சங்கிலிபூதத்தானின் பசை சாமானியம் இல்லை. துணியைப் பிய்த்தால் சீட்டு கிழியும். தவிர அந்தப் பெண் மறுபடியும் பழைய கோலத்துக்கு வந்துவிடுவாள். எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பிரமநாயகத்துக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தானாக ஒரு யோசனை வந்தது. "துணிதான சீட்டுல ஒட்டியிருக்கு? சீட்டைச் சேலையில தச்சிட்டா, துணி இருந்த இடத்துக்கே வந்திரும்லா?"

ஒருவரும் அதில் குற்றம் காணவில்லை. சீட்டு அவருடையது, வேறு யாரும் தொட முடியாது, ஆகவே அவரே தைத்தார். அவள் ஓட்டையை விரித்துப் பிடித்தாள். ஊசி அவர் விரலிலும் அவள் விரலிலும் மாறி மாறி ஏறியது. "அங்க இல்ல, இங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பட்டு பட்டோடு சேர்ந்தது. முன்கொசுவத்தில் காதலர்கள் இரண்டு பேரும் வெளியே பார்த்தபடி நின்றார்கள். பொன்னுத்தாய் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

பிறகு சோறாக்கி எல்லாருக்கும் போட்டாள். பிரமநாயகம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நசுங்கிய பாத்திரங்களைத் தட்டி அடுக்கினாள். அடுப்படியைக் கழுவிவிட்டாள். சாயங்கால பஸ் வந்ததும் திரும்பி வருவதற்காகப் புறப்பட்டாள்.

அவள் படியில் கால் வைத்தபோதுதான் சாருக்கு ஞாபகம் வந்தது. "நில்லு! பிரமநாயகம், உன் சீட்டு அவ சேலையிலல்லா இருக்கு? ஒருபோதும் பிரியாதீர்கள்னு போட்டிருக்கே!"

ஆமாம். இரண்டாவது விதி. பிரமநாயகம் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. கடைச் சாவியைக் கொம்பையாவிடம் வீசிவிட்டு, மீதிப் பன்னிரண்டு சீட்டையும் மடியில் கட்டிக்கொண்டு, ஓடிப்போய் அதே பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு பேர்தான் வகுப்புக்கு வந்தார்கள். கவலை இரட்டிப்பாகி இருந்தது. பிரமநாயகமும் பொன்னுத்தாயும் வீடு திரும்புவார்களா, மாட்டார்களா? பார்க்கலாம் என்றால் இரண்டு பேருடைய பங்கும் அங்கே இருக்கிறது. மதுரவல்லி அக்கா மறுபடியும் போன் போட வேண்டியிருந்தது.

அவர்களும் முகம் கோணாமல் வந்தார்கள். அதில் இருந்து அதுவே வழக்கம் ஆகிவிட்டது. முதலில் வாரம் ஒரு முறை. பிறகு, வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் நடுவில் பலன் மாறிவிடும் என்று சார் சொன்னதால், தினமும். காலை பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்குவார்கள். அவர் கடையைத் திறப்பார், அண்டாவைத் தட்டி அனுப்புவார். அவள் பாத்திரம் தேய்ப்பாள், சோறாக்குவாள், அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிடக் கூப்பிடுவாள். மத்தியானத்துக்கு மேல் எல்லாரும் கலைந்து, படுத்து, இவர்கள் எப்போதாவது இந்த வீட்டுக்குத் திரும்பி வருவார்களா என்று பார்ப்பார்கள். வருவார்கள் என்றுதான் பெரும்பாலும் வரும். எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு சாயங்கால பஸ்ஸில் ஏறி முள்ளிக்கரைக்குப் போய்விடுவார்கள்.

"எப்பத்தான்டீ உன் வீட்டுக்குப் போவ?" என்று அம்மா இன்னமும் கேட்கிறாள்.

"சீட்டுல நல்லபடியாத்தான்மா வருது. கூடிய சீக்கிரம் போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டே பொன்னுத்தாய் அவசரமாகக் கொண்டையை முடிகிறாள். தவிட்டுக்குளத்துக்குக் காலை பஸ் வந்துவிடும்.